வழியிலேயே தீர்த்துக்கொள்



பிள்ளைக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டால் வீடே மகிழ்கிறது. கோயிலில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். மோட்டார் சைக்கிளை மந்திரித்துத் தரும்படி குருவானவரிடம் கொண்டுவருகிறோம். நல்லதுதான். ஆனால் அதே பிள்ளை சில கிழமைகளில் முகம் வாடி, ஒரு தண்டப் பத்திரத்தோடு வீடு வந்தால் நாம் என்ன செய்கிறோம்?

நம் ஊர்களில் நடப்பதுதான். காலை, பாடசாலை நேரம். வெள்ளைச் சீருடை அணிந்த ஒரு சிறுமி பாதசாரிக் கடவையில் கால் எடுத்து வைக்கிறாள். வேலைக்குப் பிந்திவிட்ட மகன் நிறுத்தவில்லை. அவளுக்கு முன்னால் விலத்திக்கொண்டு போய்விடுகிறான். அப்பால் நின்ற பொலிஸார் மறிக்கிறார்கள். அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள்.

வீட்டில் தகப்பன் கேட்கும் முதற் கேள்வி: "எந்தப் பொலிஸ்? ஆரைப் பிடிக்கலாம்?" தாய் சொல்லுகிறாள்: "அந்த இடத்திலேயே ஏதும் குடுத்துச் சரிக்கட்டியிருக்கலாமே, தம்பி!" தமையன் சொல்லுகிறான்: "புதுசா ஓடுறவனைத்தான் பிடிப்பினம்." அந்தச் சிறுமிக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை!

எதிராளியோடு நடுவரிடம் போகும் வழியிலேயே சமாதானமாகிவிடு, பிந்தினால் கடைசிக் காசுவரை கொடுத்துத் தீர்க்க வேண்டிவரும் என்று ஆண்டவர் மலைப்பொழிவிலே எச்சரிக்கிறார் (மத். 5:25-26). நமது நாட்டின் ஒழுங்கும் இதைத்தானே நினைவூட்டுகிறது? தண்டத்தை 14 நாட்களுக்குள் தபாற் கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். கைத்தொலைபேசி மூலம் கட்டும் முறையும் 2025இல் தொடங்கப்பட்டது. 14 நாள் கடந்தால் தண்டம் இரட்டிப்பு. 28 நாளும் கடந்தால் நீதவான் முன் நிற்கவேண்டும். குற்றம் செய்யவில்லை என்று மனச்சாட்சி உண்மையாகவே சொன்னால், அதை நீதவானிடம் மரியாதையோடு சொல்லலாம். அது உங்கள் உரிமை. வீதியில் நின்று வாய்த்தர்க்கம் செய்வதில் பயனில்லை.

ஆனால் தவறு நம்முடையது என்று தெரிந்தும் இலஞ்சம் கொடுப்பது எப்படி? 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளியே. அதிலும் பெரிய கேடு ஒன்று உண்டு. ஒரு பாவத்தை மறைக்க இன்னொரு பாவம் செய்கிறோம். அதற்கு இன்னொரு மனிதனையும் கூட்டுச் சேர்க்கிறோம். தண்டம் போய்விடும், தவறு அப்படியே இருக்கும். அடுத்த முறையும் அந்தக் கடவையில் மகன் நிறுத்தமாட்டான். அன்று மறிப்பதற்குப் பொலிஸாரும் நிற்காவிட்டால்?

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவற்றை ஞானோபதேச வகுப்பிலே படித்தோம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவத்தைச் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். வீதியில் செய்த தவறுக்கும் இதே வழிதான். சக்கேயு நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தபோது பேரம் பேசவில்லை. ஆளைப் பிடிக்கவும் இல்லை. அன்றே அவன் வீட்டுக்கு மீட்பு வந்தது.

2007ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட வீதி மேய்ப்புப்பணி வழிகாட்டியில், சாரதிகளுக்கென்று பத்துக் கட்டளைகள் உண்டு. அவற்றில் முதலாவது, சீனாய் மலையில் தரப்பட்ட ஐந்தாம் கட்டளையேதான்! வாகனம் ஓட்டுவது உயிரைப் பற்றிய காரியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே, பெற்றோரே, தொலைபேசியைக் கீழே வையுங்கள். மகனோடு தபாற் கந்தோருக்குப் போங்கள். ஆனால் தண்டத்தை அவனுடைய உழைப்பிலிருந்தே கட்டவிடுங்கள். திரும்பி வரும்போது அந்தக் கடவையைக் காட்டி, "பிள்ளை, இதிலே நின்றது எங்கட தங்கச்சியாக இருந்தால்?" என்று கேளுங்கள்.

புதிதாக வாகனம் ஓட்டும் இளைஞரே, யுவதிகளே, அந்தத் தண்டப் பத்திரத்தை அவமானமாக நினைக்கவேண்டாம். ஓர் உயிர் போகுமுன் உங்களைத் தடுத்து நிறுத்திய இறைவனின் இரக்கம் அது என்று எண்ணுங்கள். நாளைக் காலை அதே கடவையில் வாகனத்தை நிறுத்துங்கள். அந்தச் சிறுமி பயமின்றிக் கடந்து போகட்டும். அதுவே உங்கள் பிரதிக்கினை.