சாப்பிட மறுக்கும் மீன்

கொடுத்ததைத் தின்ன மறுக்கிற உயிரை என்ன செய்வது? அதன் விருப்பப்படி விடுவதா, பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவருவதா? இந்தக் கேள்வி எங்களுக்கு, நாங்கள் வேலை செய்யும் உணவகத்து மீன்தொட்டியிலிருந்து கிடைத்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். பன்னிரண்டு மணித்தியாலம் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு யோசிப்பதற்கு வேறு இடம் வாய்ப்பதில்லை.

பாரிசின் புறநகர் ஒன்றில் நாங்கள் நாலு பேர் ஒரே சமையற்கட்டில் வேலை செய்கிறோம், ஒரே அறையில் படுக்கிறோம். கோப்பை கழுவுவதும் வெங்காயம் உரிப்பதும் போக, சாப்பாட்டு மண்டபத்தில் நிற்கிற 400 லீற்றர் தொட்டியும் எங்கள் பொறுப்பு. அதற்குள் ஒரேயொரு ஒஸ்கார் மீன். கருமையான உடம்பு, செம்மஞ்சள் திட்டுகள், வாலடியில் இரண்டாவது கண்போல ஒரு வட்டம். விரல் நீளத்தில் வாங்கி வந்தது, இப்போது ஓர் அடிக்குக் கிட்ட வளர்ந்துவிட்டது. நல்லபடி வைத்திருந்தால் பத்து வருடத்துக்கு மேலும் வாழும். எங்களில் சிலருடைய விசாவைவிட அதன் ஆயுள் உறுதியானது.

ஒஸ்கார், சிக்லிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஊர்க் குளங்களில் நாம் பிடித்துத் தின்ற திலாப்பியாவும் அந்தக் குடும்பந்தான். அதுவும் வந்தேறிதான், ஆபிரிக்க மீன், 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஒஸ்காரின் ஊர் அமேசன் ஆற்றுப் பக்கம். 1831 இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் கொடுத்தவர் லூயி அகாசி. மற்றவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த செத்த மீன்களை ஐரோப்பாவில் இருந்து பார்த்து எழுதியவர், இதைக் கடல்மீன் என்று நினைத்துவிட்டார். அவர் பிரேசிலுக்குப் போனது 1865 இல். ஆற்றிலே பிறந்ததன் கோப்பில் கடல் என்று எழுதப்பட்டது எங்களுக்குப் புதினமாகப் படவில்லை. எங்கள் ஊரைக் காணாதவர்கள் எங்கள் கோப்புகளிலும் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

ஆற்றில் அது பூச்சி, இறால், சிறுமீன் என்று தின்னும். தொட்டியில் அதற்கென்று செய்த உருண்டைத் தீன்தான் அடிப்படை. இடைக்கிடை இறாலும் மண்புழுவும் கொடுக்கலாம். மாட்டுக் கொழுப்பு அதன் உடம்புக்கு ஒத்துவராது. தங்கமீனை உயிரோடு போடுவது பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. ஆனால் தங்கமீனில் விற்றமின் பி1 ஐ அழிக்கிற நொதியம் இருக்கிறது. அதனோடு நோயும் தொட்டிக்குள் வந்துவிடும்.

போன மாரியில் மீன் சாப்பாட்டை நிறுத்தியது. உருண்டையை வாயில் எடுக்கும், துப்பும். பிறகு எடுப்பதையும் விட்டுவிட்டு அடியில் போய்ச் சரிந்து கிடந்தது. முதலாளி பார்த்துவிட்டுச் சொன்னார்: "உவருக்குக் கொழுப்பு. ஒரு கிழமை பட்டினி போட்டால் தானே வழிக்கு வருவார்."

எங்களில் ஒருவர் உயிரியல் பட்டப்படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவர். அவர், "மீனைப் பேசமுன்னம் தண்ணியைப் பாப்பம்" என்றார்.

தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. ஆனால் பரிசோதனைத் திரவத்தைச் சொட்டுவிட்டபோது மஞ்சளாக நிற்கவேண்டியது பச்சையாக மாறியது. அமோனியா. மீனின் கழிவிலிருந்து வருவது இது. வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கிற பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக்கி, பிறகு ஆபத்துக் குறைந்த நைத்திரேற்றாக்குகின்றன. அந்தப் பற்றீரியாக்கள் குடியேறி நிலைக்கச் சில கிழமைகள் வேண்டும். முந்தின ஞாயிறு முதலாளி அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவியிருந்தார். குழாய்த் தண்ணீரின் குளோரீன் பற்றீரியாக்களைக் கொன்றுவிட்டது. அவர் கண்ணுக்குத் தொட்டி சுத்தம். மீனுக்கு அது நஞ்சு. குளோரீன் நீக்கிய தண்ணீரால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். மூன்று கிழமையில் துளி மஞ்சளுக்குத் திரும்பியது. மீனும் எழும்பி வந்து இறால் தின்றது.

இதிலிருந்து நாங்கள் பிடித்துக்கொண்டது ஒன்று. மறுப்பு என்பது முதலில் ஒரு சாட்சியம். அது மறுக்கிறவனின் குணத்தைப் பற்றிச் சொல்லுமுன், அவனை வைத்திருக்கிற இடத்தைப் பற்றிச் சொல்கிறது. அந்தச் சாட்சியத்தைக் கேட்காமல் கொழுப்பென்றும் நன்றிகெட்டதென்றும் பெயர் வைப்பது வைத்திருக்கிறவனுக்கு வசதி. அவன் எழும்பிப் போய்த் தண்ணீரைச் சோதிக்கத் தேவையில்லை.

ஆனால் கதை இவ்வளவு இலேசாக முடியவில்லை. தண்ணீர் சரியான பிறகும் மீன் இறாலையே கேட்டது, உருண்டையைத் துப்பியது. இப்போது அது உண்மையாகவே நொட்டை பிடித்தது. இறாலை மட்டும் தின்றால் சத்துக் குறையும். வளர்ந்த, சுகமான ஒஸ்கார் சில நாள் பட்டினியைத் தாங்கும் என்பதும் தெரியும். அப்படியானால் முதலாளி சொன்னதையே நாங்களும் செய்யலாமா?

செய்தோம். இரவு இரவாக அதைப் பற்றி வாதாடிவிட்டுத்தான் செய்தோம். பட்டினி போடுகிறவனுக்கு நாலு நிபந்தனைகள் வைத்தோம். தண்ணீரில் குற்றமில்லை என்று சோதித்திருக்கவேண்டும். மறுக்கப்படுகிற உணவுக்குப் பதிலாக வேறு நல்ல உணவு முன்னால் இருக்கவேண்டும். எத்தனை நாள் என்பதை முதலே சொல்லவேண்டும்; அந்த நாள் வந்தால் விட்டுக்கொடுக்கவேண்டியது நாங்கள். கடைசியாக, தினமும் போய் அதன் முகத்தைப் பார்க்கவேண்டும். ஐந்து நாள் என்று தவணை வைத்தோம். நாலாம் நாள் மூன்று உருண்டை எடுத்தது, இரண்டைத் துப்பியது. ஒன்று உள்ளே போனது.

இந்த நிபந்தனைகள் மீனுக்கு மட்டும் போதுமானவையா? 2009 இல் வன்னியில் சிக்கியிருந்த மக்களின் தொகையை அரசாங்கம் வேண்டுமென்றே குறைத்துக் காட்டி உணவையும் மருந்தையும் மட்டுப்படுத்தியது என்ற குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதியது. வெளியேற நினைத்தவர்களைப் புலிகள் தடுத்ததையும் அதே அறிக்கை சொல்கிறது. வெளியே போக வழியில்லாத இடத்தில் சோற்றுக் கரண்டியைப் பிடித்திருக்கிறவன் என்னவெல்லாம் செய்யலாம் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அடைத்து வைத்தவனுக்கு உரிமையைவிடக் கடமை கூட.

ஆனால் கரண்டி இப்போது நம் கையிலும் இருக்கிறது. நாம் அழைத்துவந்த தாய் தகப்பன், ஒன்பதாம் மாடியில், பாசை தெரியாத ஊரில், காலை ஏழிலிருந்து இரவு எட்டுவரை பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். குளிர்பெட்டி நிறையச் சாப்பாடு. அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டுக் கோப்பையைத் தள்ளுகிறா. "எல்லாம் இருக்கு, இவவுக்குத்தான் நொட்டை" என்று ரெலிபோனில் சொல்லிக் கவலைப்படுகிற பிள்ளைகள் எங்கள் அறையிலும் உண்டு. வீடு சுத்தம், சூடு அளவு, மருந்து நேரத்துக்கு. பார்க்கிறவர் கண்ணுக்குத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது.

சோறு குழைந்துவிட்டதா, உப்புக் கூடிவிட்டதா என்று கேட்பதை ஒரு நாளைக்கு நிறுத்திவைத்து, அன்றைக்குப் பகல் முழுக்க அம்மா யாரோடு கதைத்தா என்று கேட்டுப் பார்க்கலாம்.