தெரியாத அழுக்கு

ஸ்ரீ கெம்பாங்கானில் நம் கடைக்கு விரிப்பு வாங்க வருவோர் இப்போது வெள்ளி நிறமும் சாம்பல் நிறமுமாகவே கேட்கிறார்கள். "அழுக்குத் தெரியாது, தைரியமாக வாங்குங்கள்" என்று சொல்லித்தான் நாமும் விற்று வந்தோம். சென்ற மாதம் ஒரு பெரியவர், "தெரியாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா, தம்பி?" என்றார். நமக்குப் பதில் வரவில்லை.

பத்தமடைப் பாயைப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைத்து, நீரில் ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்துப் பருத்திப் பாவில் நெய்கிறார்கள். நெய்வோரில் பெரும்பாலோர் நம் லெப்பைக் குடும்பத்தினர். நயமான பாய்க்குப் பாவிழை 100-க்கு மேல்! சாயமிடாத அந்த வைக்கோல் நிறத்தில் ஒரு சொட்டுத் தேநீர் விழுந்தாலும் வீடு முழுவதற்கும் தெரியும். உடனே துடைத்தாக வேண்டும்.

சாம்பல் நிறத்தின்மீது நமக்குக் குரோதமில்லை. நாலு பிள்ளைகளோடு மாரடிக்கும் தாய்க்கு அது கொஞ்சம் இளைப்பாறுதல். ஆனால் தொழும் இடம் சுத்தமாயிருப்பது நிபந்தனையல்லவா? நஜீஸ் கண்ணில் பட்டால்தானே கழுவுவோம்?

இப்போது, "இது அழுக்கை மறைக்கும், ஆகையால் மற்றதைவிட அடிக்கடி உதறி வெயிலில் போடுங்கள்" என்று சொல்லியே விற்கிறோம். கேட்டுவிட்டு இரண்டு பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.