மகள் பெயரில் வரும் ஆயிரம்

போளூரிலோ திருவண்ணாமலையிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் ஜவ்வாது மலைப் பெண்ணின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் ஏறுகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்து, மேலே படிக்கப் போனவர்களுக்கான புதுமைப்பெண் திட்டம்; 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. லீவுக்கு வருகிறவள் ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அந்தப் பணத்தில் பாதி அரிசிப் பையாகவும் தம்பிக்குச் செருப்பாகவும் மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தப்பா?

படிப்புக்குத் தந்த காசு அடுப்புக்குப் போவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் 2011இல் வந்த கல்விக் கணக்கு அவர்கள் விரும்பும் வகை: பணம் பெற்றோர் பொறுப்பில், செலவு அனுமதித்த இனங்களுக்கு மட்டும். இங்கே பணம் மாணவியின் பெயரில், பில் கேட்பார் இல்லை. இதுதான் மரியாதை. வசதியான வீட்டுப் பிள்ளையின் கைச்செலவுக்கு யார் கணக்குக் கேட்கிறார்கள்?

இத்திட்டத்தின் முன்பிறவி இன்னும் சுவையானது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணமும், பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் தந்த திட்டத்தைத்தான் 2022இல் கல்லூரிப் பக்கம் திருப்பினார்கள். அன்று கல்யாணத்தை நம்பி வந்தது, இன்று அவளை நம்பி வருகிறது.

ஆனால் அவள் கொடுப்பது வேறு, அவளிடம் வாங்குவது வேறு. வங்கியின் குறுஞ்செய்தி அப்பாவின் போனுக்குப் போனால், பணம் வந்தது அவளுக்கு முன்பே அவருக்குத் தெரியும். "ஆயிரம் ஏறிடுச்சாமே" என்று அவர் ஆரம்பித்தால் பதினெட்டு வயதுப் பெண் மறுப்பாளா?

அந்த அப்பாவைக் கீழிருந்து திட்டுவது சுலபம். சாமை அறுத்தால்தான் காசு பார்க்கிற வீடு அது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் இந்த மலைக்காரர்களும் உண்டு. கூலிக்காக எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது என்பதை அறிந்த ஊர். அதற்காக மகளின் பணம் அவருடையதாகிவிடாது. கேட்டு வாங்கினாலும் அது கடன்தான்.

"ஆயிரம் வருதே, படிக்கட்டும்" என்று கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடும் அப்பாவும் இருப்பார். நோக்கம் சுத்தமில்லைதான். அதற்குள் அவள் மூன்றாம் வருஷத்துக்கு வந்துவிடுவாள்.