பிள்ளைகளைக் கொஞ்சம் ஓட விடுங்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். நபி (ஸல்) அவர்களின் ஒட்டகங்களைக் கொள்ளையர்கள் ஓட்டிச் சென்றபோது, குதிரைகூட இல்லாமல் தனியாளாக ஓடித் துரத்தி, அம்பெய்து மீட்ட ஸஹாபி. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அந்த நீண்ட ஹதீஸில், திரும்பும் வழியில் நடந்த ஒன்றை நாம் அதிகம் பேசுவதில்லை.

ஓட்டத்தில் யாரும் முந்த முடியாத அன்ஸாரி ஒருவர், மதீனா வரை தன்னோடு ஓட ஆள் உண்டா என்று கேட்டுக்கொண்டே வருகிறார். ஸலமா (ரலி) நபியவர்களின் ஒட்டகத்தில் பின்னால் அமர்ந்திருக்கிறார். அனுமதி கேட்கிறார். விரும்பினால் ஓடு என்று விடுகிறார்கள். குதித்து இறங்கியவர் எடுத்த எடுப்பில் பாயவில்லை. ஒன்றிரண்டு மேடுகள் வரை மூச்சை மிச்சம் பிடித்து ஓடுகிறார். மறுபடியும் அப்படியே. கடைசியில்தான் வேகம் கூட்டி, அன்ஸாரியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முந்துகிறார். இன்றைய மாரத்தான் பயிற்சியாளர் சொல்லித் தருவதும் இதைத்தான்!

இப்போது நம் வீட்டுப் பதினைந்து வயதுப் பையனைப் பாருங்கள். பள்ளிக்கூடம், டியூஷன், நீட் கோச்சிங், மிச்ச நேரம் செல்போன். ஒரு தேர்வில் மார்க் குறைந்தால், "என்னால முடியாது வாப்பா" என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். உன்னால் முடியும் என்று நாமும் சொல்கிறோம். இறங்குவதில்லை. முடித்துக் காட்டியது என்று அவன் கையில் எதுவும் இல்லையே! இரண்டாவது கிலோமீட்டரில் நின்றுவிடு என்று நஃப்ஸ் சொல்லும். நிற்காமல் மூன்றாவதை முடித்தவனுக்கு யாரும் வந்து தைரியம் சொல்ல வேண்டாம். முதல் நோன்பை முழுதாகப் பிடித்த பிள்ளையின் முகம் மஃரிப் நேரத்தில் எப்படி இருக்கும்? அதே முகம்தான்.

முஹம்மது ஃபராஹ் என்று உலகம் அறிந்த ஓட்டவீரர், சிறுவயதில் வேறொரு பிள்ளையின் பெயரில் பிரிட்டனுக்குக் கடத்தி வரப்பட்டவர். ஒரு வீட்டில் வேலைக்காரனாக வைத்திருந்தார்கள். 2022-ல்தான் அதை வெளியே சொன்னார். அந்தப் பிள்ளையின் ஓட்டத்தைக் கவனித்து, அவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர் பள்ளி விளையாட்டு ஆசிரியர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தின் நடுவே கீழே விழுந்தார். எழுந்து ஓடித் தங்கம் வென்றார். நம் பிள்ளைக்குத் தங்கம் வேண்டாம், எழத் தெரிந்தால் போதும்.

திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு மெரினா பக்கத்திலேயே இருக்கிறது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு மகனோடு போங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடம் போதும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் இருக்கட்டும். முழங்கால் மறையும் உடை அவசியம். இளைப்பு, நெஞ்சுக் கோளாறு உள்ள பிள்ளையானால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பையன் எவ்வளவு ஓடினான் என்று மட்டும் கேட்காதீர்கள். மார்க்கில் கேட்டுக் கெடுத்தது போதும்.

மகள்களும் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடிப் பந்தயம் வைத்ததை அபூதாவூதில் படிக்கிறோம். முதல் தடவை ஜெயித்தது ஆயிஷா (ரலி) அவர்கள்தான். பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடமும் நேரமும் பார்த்துக் கொடுப்பது வாப்பாமார் வேலை. மஹல்லா நிர்வாகிகள் நினைத்தால் வாரம் ஒருநாள் ஒரு மைதானம் பிடித்துத் தரலாம்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் கால்களுக்கும் உள்ளங்களுக்கும் வலுவைத் தருவாயாக. ஆமீன்.