‘கவனிக்க’ என்று தொடங்கும் வரி

ரிவியூவுக்கு வந்திருக்கும் பேட்ச் ஒற்றை வரி. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. டாக்ஸ்ட்ரிங்கின் அடியில் ஒரு வாக்கியம் மட்டும் கூடியிருக்கிறது: ‘கவனிக்க: இரண்டாவதாகத் தருவது முன்னொட்டு அல்ல, உதிரி எழுத்துகள்.’ அனுப்பியவருக்கு இதுதான் முதல் பேட்ச். ‘இவ்வளவு சின்னதை அனுப்பலாமா தெரியவில்லை சார்’ என்று கூடவே ஒரு குறிப்பு.

சின்னதுதான். ஆனாலும் அரை மணி நேரமாக மெர்ஜ் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

*

அந்த ஃபங்ஷன் நான் எழுதியது. பெயர்ப் பட்டியல்களைச் சுத்தம் செய்யும் சிறு கட்டற்ற மென்பொருள். ‘பெயர்: ’ என்ற முகப்பை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும். உள்ளே பைத்தானின் எல்ஸ்ட்ரிப்பை அழைத்திருந்தேன். கமலா, சுந்தரம், செல்வி எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். யமுனா மட்டும் ‘முனா’வாக வந்தாள்.

எல்ஸ்ட்ரிப் ‘பெயர்: ’ என்பதை ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. ப, ஒற்றைக் கொம்பு, ய, ர, புள்ளி, முக்காற்புள்ளி, இடைவெளி என்று ஏழு உதிரிகளாகப் பார்க்கிறது. இடது ஓரத்திலிருந்து இந்த ஏழில் எது வந்தாலும் தள்ளிக்கொண்டே போகும். வேறொன்று எதிர்ப்பட்டால்தான் நிற்கும். யமுனாவின் ‘ய’ ஏழில் ஒன்று. பாரதிக்கு நேர்ந்தது இன்னும் மோசம். யூனிகோடில் ‘பா’ என்பது ப ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறிகள். ‘ப’ போய்விட்டது, கால் நின்றுவிட்டது. திரையில் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக ஒரு துணைக்கால்.

டெஸ்டில் நான் வைத்திருந்த பெயர் கமலா.

*

பைத்தான் ஆவணத்தில் இந்த எச்சரிக்கை பல ஆண்டுகளாகவே இருந்தது: தருவது முன்னொட்டு அல்ல என்று. நானும் படித்திருக்கிறேன். படித்தும் விழுந்தேன். என்னைப் போல விழுந்தவர்கள் ஏராளம் என்பதால்தான் 2020 அக்டோபரில் வந்த பைத்தான் 3.9 ரிமூவ்பிரிஃபிக்ஸ், ரிமூவ்சஃபிக்ஸ் என்று இரண்டு புதிய மெத்தட்களைக் கொண்டுவந்தது. பெப் 616 என்ற முன்மொழிவு இந்தக் குழப்பத்தைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறது. பழையதை யாரும் தொடவில்லை. அதை நம்பி ஓடும் நிரல்கள் உலகமெங்கும் இருக்கின்றன.

எச்சரிக்கை ஏன் வேலை செய்யவில்லை? எல்ஸ்ட்ரிப் கேட்டு வாங்குவது ஒரு சரம். சரத்தை நீட்டுகிற கை, சொல்லைத்தான் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும். அதே இடத்தில் ஒரு செட்டைக் கேட்டிருந்தால், ஏழு எழுத்தையும் தனித்தனியாக எழுதும்போதே விரல் தயங்கியிருக்கும். ஆவணம் வாயால் ‘இல்லை’ என்கிறது. ஃபங்ஷன் கையால் ‘வா’ என்கிறது. அவசரத்தில் இருப்பவன் கையைத்தான் பார்ப்பான்.

*

சி மொழியின் ஸ்டிரென்காப்பியும் இதே சாதி. பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு 14 பைட்தான் இடம். அந்த நிலையான கட்டத்தை நிரப்பப் பிறந்த ஃபங்ஷன் அது: பெயர் குட்டையாக இருந்தால் மிச்சத்தைச் சுழியத்தால் நிரப்பும், கட்டம் நிறைந்துவிட்டால் இறுதிச் சுழியம் போடாது. அந்த வேலைக்கு அது அப்பழுக்கற்றது. பின்னால் வந்தவர்கள் அதைப் பாதுகாப்பான நகலெடுப்பு என்று நினைத்துக்கொண்டார்கள், மேன் பக்கம் எச்சரித்தும். ஓப்பன்பிஎஸ்டி 1998-லேயே ஸ்டிரெல்காப்பி என்ற மாற்றைத் தந்தது. லினக்ஸில் பரவலாக இருக்கும் சி நூலகமான ஜிலிப்சி அதைச் சேர்த்துக்கொண்டது 2023-ல், 2.38 பதிப்பில். இருபத்தைந்து ஆண்டு வழக்கு.

*

இன்னொரு குறிப்பு நினைவுக்கு வருகிறது. 1975-ல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில், இது உங்களுக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை என்ற பொருளில் ஒரு கமெண்ட். பலர் அதைத் திமிர் என்று படித்தார்கள். டென்னிஸ் ரிச்சி பிற்பாடு விளக்கினார்: பரீட்சைக்கு வராது என்கிற தொனியில் எழுதியதாம். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் அடுத்துச் சொன்னது. அங்கே என்ன நடக்கிறது என்பது தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றார்.

அதன் பிறகு, ஒரு கமெண்ட் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் எழுதியவரைச் சந்தேகிப்பதில்லை. கீழே உள்ள நிரலைச் சந்தேகிக்கிறேன்.

*

ரிவியூ செய்யும்போது எனக்கொரு பழக்கம். நிரலைக் கையால் மறைத்துக்கொண்டு (உண்மையாகவே உள்ளங்கையால், திரைமேல்) டாக்ஸ்ட்ரிங்கை மட்டும் படிப்பேன். இதை எப்படி அழைப்பேன் என்று காகிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டுக் கையை எடுப்பேன். இரண்டும் பொருந்தினால் சரி. ‘மேலும்’ இரண்டு முறை வந்தால் ஃபங்ஷன் இரண்டு வேலை பார்க்கிறது. ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ என்று வரிசையாக வாங்கினால், எது எதற்கு என்று எழுதியவரே ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்.

அடுத்தவர் நிரலுக்கு இதைத் தவறாமல் செய்கிறேன். என்னுடையதற்கு ஒருநாளும் செய்ததில்லை.

*

மணி பதினொன்று. ஃபங்ஷனையே மாற்றிவிடலாம் என்று ரெப்போவில் தேடினேன். எங்கள் மாதிரிக் கோப்பு ஒன்றிலேயே, வரிகளின் முன்னால் கிடக்கும் கோடு, நட்சத்திரக் குறிகளைத் துடைக்க யாரோ அதை அழைத்திருக்கிறார். அவருக்கு வேண்டியது உதிரிகள்தான். மாற்றினால் அவர் வேலை உடையும். ஆக, இது அப்படியே இருக்கட்டும். முகப்பை வெட்டப் புதிதாக ஒன்று, சொன்னதைச் செய்யும் பெயரோடு.

பதில் எழுதினேன்: ‘நன்றி. நீங்கள் சேர்த்த வரியை அடியில் வைக்காமல் மேலே, முதல் வரிக்கு அடுத்ததாக ஏற்றிவிடுங்கள். உதாரணத்துக்கு யமுனாவைப் போட முடியுமா? தவறு என்னுடையது, புதிய ஃபங்ஷனை நான் எழுதுகிறேன்.’

பத்து நிமிடத்தில் திருத்திய பேட்ச் வந்தது. ‘யமுனாவைப் போட்டுவிட்டேன் சார். கூடவே பரணியையும். என் தம்பி பெயர். பள்ளிப் பட்டியலில் வெறும் ‘ணி’ என்று வந்திருந்தான்.’