திருவுளமும் மண்வெட்டியும்

இறைவனது திருவுளத்தில் எனக்குரிய பங்கு யாது? இவ்வினா அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. நோயும் வறுமையும் மாறி மாறி வருத்துங்கால் கல்லாத ஏழையின் உள்ளத்திலும் இஃது எழுகின்றது. நம்மவரிற் பெரும்பாலோர் இதற்குச் சொல்லிவரும் விடை ஒன்றே: "எல்லாம் அவன் செயல், நம்மால் ஆவது என்ன?" கேட்பதற்கு இது பக்தியாகவே தோன்றும். உண்மையில் இது பக்திதானோ, அன்றிப் பக்தியின் ஆடையை உடுத்திவந்த சோம்பலோ என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மலாய் நாட்டுத் தோட்டங்களின் பழைய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்து ரப்பர் நட வந்த தமிழ்த் தொழிலாளர் மலேரியாக் காய்ச்சலுக்கு ஆயிரக்கணக்கில் இரையாயினர். வந்த ஆண்டிலேயே மாண்டார் பலர். தெய்வக் குற்றம் என்றனர் சிலர். பேயின் வேலை என்றனர் சிலர். மந்திரித்த கயிறு கட்டினர், சேவல் அறுத்தனர். இவையெல்லாம் பலியாதபோது, "தலையெழுத்து" என்று சொல்லி அடங்கினர். அந்த அடக்கம் யாருக்குப் பயன்பட்டது? குடியிருப்பைச் சதுப்பின் ஓரத்திற் கட்டிவைத்தவர்க்கே பயன்பட்டது. விதியின்மேற் பழியைச் சுமத்திவிட்டால் மனிதரைக் கேள்வி கேட்பார் எவருமிலர்.

1897ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901இல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராய் அமர்ந்த மால்கம் வாட்சன் அவ்வறிவைச் செயலிற் காட்டினார். கிள்ளானிலும், அவ்வாண்டே திறக்கப்பெற்ற போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நீர் வடிக்கப்பட்டது, புதர்க்காடு வெட்டப்பட்டது, காய்ச்சல் வெகுவாய்த் தணிந்தது. தெய்வம் மனம் மாறிற்றா? தேங்கிய நீர் வடிந்தது, கொசு குறைந்தது, அவ்வளவே.

"அங்ஙனமாயின் இறைவனுக்கு இங்கு இடம் ஏது?" எனச் சிலர் வினவலாம். காரணமின்றிக் காரியம் நிகழாத ஒழுங்கை உலகில் வைத்தவன் அவனே என்று நம்புவோர்க்கு, அவ்வொழுங்கைக் கற்பதும் வழிபாடே. இதற்கு மற்றொரு புறமும் உண்டு. கடலோரச் சமவெளியிற் பயன் தந்த முறையை மலைப்பாங்கான தோட்டங்களிற் கையாண்டபோது காய்ச்சல் குறையவில்லை, கூடிற்று. அங்கு நோய் பரப்பும் கொசு வேறு. அது நிழற் சதுப்பை விரும்பாது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும். காட்டை வெட்டியமை அதற்கே வசதியாயிற்று. பின்னர், நீரை நிலத்தடிக் குழாய்களிற் செலுத்தியும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் அதனை அடக்கினர். ஆகவே, ஒன்றும் செய்யாதிருப்போன் இறைவனது அறிவை நம்பாதவன். எல்லாம் அறிவேன் என்போனும் நம்பாதவனே. நம்மினும் பெரியதோர் அறிவு உண்டென ஒப்புக்கொள்வோன், தன் கருத்துப் பிழைபடுங்கால் மீண்டும் கற்கின்றான்.

நிற்க. வடிகால் வெட்டுமுன் மாண்டவரைக் குறித்து யாது சொல்வது? "அதுவும் திருவுளமே" என்று பிள்ளையை இழந்த தாயிடம் சொல்ல எமக்கு நா எழாது. அங்ஙனம் சொல்லுதல் கொடுமையேயாம். இறைவன் வகுத்த திட்டம் முழுவதையும் கண்டார் எவருமிலர். தோட்டத்துக் கிராணிக்கு அன்றன்றைய செக்ரோல் பக்கம் தெரியும். கம்பெனியின் ஆண்டுக் கணக்குத் தெரியாது. ஆயினும், அப்பக்கத்தில் ஓர் ஆளின் பெயர் விடுபட்டால் அவர் அன்றைய கூலியை இழப்பார். முழுக் கணக்கும் தெரியாமை, தன் பக்கத்தைப் பிழைபட எழுதுதற்கு நியாயமாகுமா? இறைநம்பிக்கையும் இத்தகையதே. பிறர் துன்பத்துக்குச் சமாதானம் கூற அதனை எடுத்தாளுதல் தகாது. நம் கடமைக்கு ஊன்றுகோலாகவே அதனைக் கொள்ளல் வேண்டும்.

1902இல் ராஸ் நோபெல் பரிசு பெற்றார். வாட்சனின் பெயரும் நூல்களில் நிலைத்தது. முழங்காற் சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்த தொழிலாளரின் பெயர்களோ வரலாற்றில் நிற்கவில்லை. தாம் வெட்டும் வடிகால் எக்குழந்தையைக் காக்குமென அவர் அறிந்திலர், ஆயினும் வெட்டினர். 2018ஆம் ஆண்டில் மலேசியாவில் மனிதரிடையே பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கேனும் தொற்றியதாகப் பதிவில்லை. குரங்கிடமிருந்து தொற்றும் வகை எஞ்சி நின்றது. வேலை முற்றும் முடிந்தபாடில்லை.

அன்பர்காள்! திருவுளத்தில் நம் பங்கு யாதென வானை நோக்கி வினவ வேண்டா. நம் குடியிருப்பைச் சுற்றி நோக்குவோம். நீர் தேங்கிய இடம் எது, பள்ளி செல்லாத பிள்ளை எவன், குடியால் கெடும் இல்லம் எது எனக் கேட்போம். விடை அங்கேயே கிடக்கும். கைக்கெட்டிய வேலையை இன்றே தொடங்குவோம்; அதன் முழுப்பயனைக் காணும் பேற்றை அவனிடமே விடுவோம்.