யாருடைய கை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளின் கையை வைத்து ஒரு மயில் செய்தேன். குடும்ப வாட்ஸப் குழுவில் ‘பாப்பாவும் நானும் செஞ்ச மயில்’ என்று போட்டேன். அது பொய் என்று தோன்ற இரண்டு நாள் ஆனது.

இரும்புலியூரில் ஜன்னலைச் சாத்தினாலும் ஜிஎஸ்டி சாலை உள்ளே வந்துவிடும் ஒரு வாடகை வீடு எங்களுடையது. அவளுக்கு நாலு வயசு. திங்கட்கிழமை பள்ளிக்குக் கைத்தடத்தில் செய்த மயில் கொண்டுபோக வேண்டும். செய்முறை சுலபம்தான். உள்ளங்கையில் நீலப் போஸ்டர் கலர், விரல்களில் பச்சை, சார்ட்டில் ஒரு அழுத்து. நாலு விரலும் தோகை, கட்டைவிரல் கழுத்து. கண்ணும் அலகும் வரைந்தால் மயில் ரெடி.

பிரஷ் பட்டதும் கையை மூடிக்கொண்டாள். “ஜில்லுன்னு இருக்குப்பா, வேணாம்.” கெஞ்சினேன். சாக்லேட் காட்டினேன். கடைசியில் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் கையை அவள் கைமேல் வைத்து அழுத்தினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் விட்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். தடம் அழகாக விழுந்தது. ஊரிலிருந்து இதயங்களாக வந்து குவிந்தன.

ராத்திரி கேட்டேன், “இது யாரு செஞ்ச மயிலு?”

“உங்க மயிலு.”

கோபமாகச் சொல்லவில்லை. தகவல் மாதிரி சொன்னாள்.

நவீன உலகில் ஆள் அடையாளத்துக்காகக் கைத்தடம் வாங்கிய கதை நம் நாட்டில்தான் தொடங்குகிறது. 1858, வங்காளத்தின் ஜங்கிபூர். வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்கான சரக்கு தர ஒப்புக்கொண்ட ராஜ்யாதர் கோனாயின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத் தாளின் பின்பக்கம் பதித்துக்கொண்டார். ரேகை அறிவியலெல்லாம் அப்போது அவருக்குத் தெரியாது. கையெழுத்தை ‘என்னுடையது இல்லை’ என்று கோனாய் பின்னால் மறுத்துவிடக் கூடாது, அதற்கு ஒரு பயம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பயத்திலிருந்து ஒரு பெரிய நிர்வாக முறையே வளர்ந்தது. 1911-இன் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மதுரைப் பக்கம் மக்கள் வைத்த பெயரே ‘ரேகைச் சட்டம்’. கையை நீட்ட மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள்.

இதை மனைவியிடம் சொன்னபோது, “ஏங்க, ஒரு சார்ட் மயிலுக்குப் போய் துப்பாக்கிச் சூடா?” என்றாள். நியாயம்தான். என் வீட்டுச் சமையல்மேடையை ஜங்கிபூரோடு ஒப்பிடுவது கோனாய்க்குச் செய்கிற அவமரியாதை. பிள்ளை வேண்டாம் என்று சொல்வதையெல்லாம் கேட்டால் பல்கூட விளக்க முடியாது. தடுப்பூசியின்போது அவளை இறுக்கிப் பிடித்தவனும் நான்தான், அதில் எனக்கு எந்தக் குற்றவுணர்ச்சியும் இல்லை.

ஆனால் தடுப்பூசி அவளுக்காக. மயில் யாருக்காக? பள்ளிக்கு, குழுவுக்கு, பதினைந்து வருஷம் கழித்து எடுத்துப் பார்த்துக் கண்கலங்கப்போகிற எனக்கு. ‘கைவேலை’ என்று பெயர், ஆனால் அந்தக் கை வேலையே செய்யவில்லை. அவள் கையை நான் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி பயன்படுத்தினேன். கோனாய்க்காவது தன் கை எதற்குப் போகிறது என்று தெரிந்திருந்தது.

இதற்கு எதிராக என்னிடமே ஒரு சாட்சி இருக்கிறது. பிரான்சின் கார்காஸ் குகையில் பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய கைத்தடங்கள் நிறைய. பாறையில் கையை வைத்து, சுற்றிலும் வண்ணம் ஊதிய தடங்கள். அதில் ஒன்று பச்சைக்குழந்தையின் கை. பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் அது அங்கே நின்றிருக்காது. ஆக, பிடித்து வைப்பது ஆதியிலிருந்தே இருக்கிறது. அந்தக் குழந்தை கையை மூடிக்கொண்டதா என்று பாறை சொல்லாது. ‘நீயும் எங்களில் ஒருத்தி’ என்று சொல்வதற்காகவும் பிடித்திருக்கலாம். என் பிடியில் அது துளியும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திங்கட்கிழமைக்கான அவசரம்தான் அதிகம் இருந்தது.

அடுத்த வருஷம் அவளுக்கு ஐந்து முடியும். ஆதாருக்கு விரல்ரேகை கொடுக்க வேண்டும். அங்கேயும் நான்தான் அவள் விரலைப் பிடித்துக் கண்ணாடிமேல் வைப்பேன். வேறு வழி தெரியவில்லை.

புதன்கிழமை ஆபீஸ் விட்டு வந்தால் ஹால் சுவரில் ஒரு நீலத் தடம். மிச்சமிருந்த கலரை அவளே எடுத்திருக்கிறாள். கையை வைத்தவள் அப்படியே இழுத்திருக்கிறாள். விரல் ஐந்தா ஆறா என்று தெரியவில்லை, ஒரு முழம் நீளத்துக்கு ஏதோ ஓடுகிறது.

“என்னடி பண்ணி வெச்சிருக்க!” என்று கத்திவிட்டேன்.

“ரயிலு. தாம்பரம் போகுது.”

சனிக்கிழமை வாடகை வாங்க ஹவுஸ் ஓனர் வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி உட்காரும்படி அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே கொஞ்சம் நீலம் தெரிந்தது.